முதலில் மூச்சை விடுங்கள்

பதற்றத்தில் இருக்கும் பெண்ணுக்கு எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை "நன்றாக மூச்சை இழு" என்பதுதான். நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பும்போது அம்மா சொல்வார். மேலாளர் அறைக்குள் போகும் முன் பக்கத்து மேசைத் தோழி சொல்வாள். அன்போடு சொல்லப்படும் இந்த அறிவுரை பாதி தவறு. பதறுகிறவரின் நெஞ்சு ஏற்கெனவே காற்றால் நிரம்பித்தான் இருக்கிறது. தோள்கள் மேலேறி, விலா விரிந்து, உள்ளே இருக்கும் மூச்சை முழுதாக விடாமலே அதன்மேல் அடுத்த மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார். அவரை இன்னும் இழுக்கச் சொன்னால் மூச்சு முட்டத்தான் செய்யும். அவர் முதலில் செய்ய வேண்டியது விடுவது. மெதுவாக, நீளமாக, கடைசிவரை விடுவது.

யோகத்தின் மூச்சுப் பயிற்சியைப் பற்றி ஒன்றுமே அறியாதவருக்கு நான் சொல்லத் தொடங்கும் இடம் இதுதான். பிராணாயாமம் என்றதும் பலர் மனத்தில் பத்மாசனமும் அதிகாலைக் குளிர்நீரும் மூக்கை அடைத்துப் பிடித்த ஒரு முனிவரும் வந்து நின்றுவிடுகிறார்கள். "இதெல்லாம் நமக்கு எங்கே நேரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். கிள்ளானிலிருந்தோ ரவாங்கிலிருந்தோ கோலாலம்பூருக்கு வேலைக்கு வரும் ஒரு பெண், பிள்ளைகளின் பசியாறலைக் கட்டிவைத்து, பள்ளிப் பேருந்தில் ஏற்றி, ஓடிப்போய்க் கொமுட்டர் ரயிலைப் பிடிக்கிறாள். அவளிடம் இல்லாதது நேரம். ஆனால் மூச்சு எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தனியாக எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை. ரயிலில் நின்றபடியே நான்கு நிமிடம் கிடைத்தால் போதும், தொடங்கிவிடலாம்.

பதறும்போது உடம்புக்குள் நடப்பது

எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால், ஏன் வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். காரணம் புரிந்தவர்கள்தான் பயிற்சியை விடாமல் செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். நாம் நினைக்காமலே இது நடக்கிறது. இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை போன்றவற்றையும் நம்மைக் கேட்காமலே நடத்திவைப்பது தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஆபத்து வந்தால் உடம்பை ஓடவோ எதிர்த்து நிற்கவோ தயார்படுத்துவது பரிவு நரம்புகளின் வேலை. ஆபத்து நீங்கியதும் உடம்பை அமைதிக்குத் திருப்பி, உண்டதைச் செரிக்கவைத்து, உறங்கவிடுவது துணைப்பரிவு நரம்புகளின் வேலை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "நாளைக் காலை முதல் வேலையாக என்னைப் பாருங்கள்" என்று மேலாளர் அனுப்பும் ஒரு வரி போதும். முதல் பிரிவு விழித்துக்கொள்கிறது. துடிப்பு ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு வயிற்றிலிருந்து நெஞ்சின் மேற்பகுதிக்குத் தாவி வேகமாகிறது. ஓடுவதற்கான ஏற்பாடு எல்லாம் ஆகிவிட்டது. ஓட மட்டும் இடமில்லை. படுக்கையில் கிடந்தபடி உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

தேவைக்கு மேல் வேகமாக மூச்சுவிட்டால் பிராணவாயு கூடும் என்று நினைப்போம். நலமாக இருக்கும் ஒருவரின் இரத்தத்தில் பிராணவாயு ஏற்கெனவே 95 விழுக்காட்டுக்கு மேல் நிறைந்திருக்கிறது. அதற்கு மேல் ஏறப் பெரிதாக இடமில்லை. மாறாக, கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை லேசாகச் சுற்றும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் மரமரக்கும். நெஞ்சு இறுகும். இத்தனைக்கும் மேலே, "காற்றே போதவில்லை" என்ற உணர்வு வரும். அந்த உணர்வை நம்பி அவர் இன்னும் வேகமாக இழுப்பார். கரியமில வாயு இன்னும் குறையும். பயம் இன்னும் ஏறும். ரயிலில், கூட்ட அறையில், பேரங்காடி வரிசையில் பெண்கள் "எனக்கு என்னமோ ஆகப்போகிறது" என்று நடுங்கிப்போவதற்குப் பின்னால் பல நேரம் இந்தச் சுழல் இருக்கிறது. அவர்கள் கற்பனை செய்யவில்லை. உடம்பில் நிஜமாகவே வேதியியல் மாறியிருக்கிறது. வீட்டில் ஒரு பெண் இப்படிச் சொன்னால், "எல்லாம் உன் மனப்பிரமை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இப்போது நல்ல செய்தி. தன்னியக்க மண்டலம் நடத்தும் வேலைகளைப் பார்த்தால், இதயத்தை "மெதுவாகத் துடி" என்று நாம் கட்டளையிட முடியாது, குடலுக்கு ஆணையிட முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே பிடி அது. அந்தப் பிடியின் வழியாக இதயத்தையும் தொடலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும். மெதுவாக விடும்போது சற்றுத் தளரும். இளையோரிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், வயிறு எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் வேகஸ் நரம்பு, துணைப்பரிவுப் பிரிவின் தலையாய நரம்பு. மூச்சை வெளியே விடும்போது இதயத்தின் மேல் அதன் பிடி கூடுகிறது. ஆகவே விடும் நேரத்தை நீட்டினால் உடம்பை அமைதியின் பக்கம் சாய்க்கிறோம். முதலில் விடுங்கள் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இவ்வளவுதான்.

இந்தக் காலத்து ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு, லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்பவர்களையும் திபெத்திய மந்திரம் சொல்பவர்களையும் கவனித்தது. இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவுக்கு இறங்கியது. இதயமும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு இசைந்தன. செந்தூலில் ஜெபமாலை உருட்டும் ஓர் ஆச்சியும், அடுத்த தெருவில் விளக்கேற்றி நிதானமாகப் பதிகம் பாடும் இன்னோர் ஆச்சியும் தங்களுக்குத் தெரியாமலே ஒரே மூச்சுப் பயிற்சியைச் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கையில் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஐந்து நிமிடம் ஒரு மாத காலம் பயிற்சி செய்தவர்களை ஒப்பிட்டார்கள். மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாக் குழுக்களிலுமே பதற்றம் குறைந்தது. நீளமாக மூச்சை விடும் பயிற்சி செய்தவர்களின் மனநிலை தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. பெரிய அற்புதம் என்று இதைக் கொண்டாட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு இது நல்ல பலன் என்பதே என் கணிப்பு.

வயிற்றைத் தளர்த்துவது

முதல் பாடம் வயிறு. நுரையீரலுக்குக் கீழே, வயிற்றையும் மார்பையும் பிரித்தபடி கூடாரம் போல விரிந்திருக்கும் தசை உதரவிதானம். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும். இறங்கினால் வயிறு சற்று முன்னே வரும். ஆனால் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் பழக்கம் ஊட்டப்படுகிறது. அப்புறம் இறுக்கமான சீருடைப் பாவாடை, சேலையின் இறுகிய நாடா, நாள் முழுக்க நாற்காலி. வயிறு அசைய இடமில்லாதபோது மூச்சு மேலேதான் போகும். எட்டு மணி நேரம் கழுத்துத் தசைகளால் மூச்சுவிட்டால் மாலையில் கழுத்தும் தோளும் வலிக்காமல் என்ன செய்யும்?

இரவு படுக்கையில் இதைச் செய்யுங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தொப்புள்மேலும் வையுங்கள். இடுப்பில் இறுக்கமாக எதுவும் வேண்டாம். முதலில் மூச்சை மூக்கு வழியாக மெதுவாக விடுங்கள். கடைசியில் வயிறு தானாகக் கொஞ்சம் உள்ளே போகும். பிறகு உள்ளே வரும் மூச்சை வரவிடுங்கள். தொப்புள்மேல் இருக்கும் கை உயர வேண்டும், நெஞ்சின்மேல் இருப்பது பெரும்பாலும் அசையாமல் இருக்க வேண்டும். வயிற்றை வலிந்து உப்பவைக்கக் கூடாது. முதல் சில நாள்கள் இரண்டு கையும் சேர்ந்தே உயரும், கவலைப்பட வேண்டாம். கையை வைத்துக்கொண்டு கவனித்தாலே உடம்பு மெல்லக் கற்றுக்கொள்கிறது. பலர் இதைச் செய்துகொண்டே உறங்கிவிடுகிறார்கள். உறக்கம் வராமல் தவிக்கும் பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு வாரம் இதிலேயே இருங்கள். அவசரம் இல்லை.

நான்கும் ஆறும்

அடுத்தது கணக்கு. நிமிர்ந்து உட்காருங்கள், நாற்காலி போதும், பாதம் தரையில் படிய வேண்டும். மூக்கு வழியாக மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை இழுங்கள். ஆறு எண்ணும்வரை விடுங்கள். நடுவில் எங்கும் அடக்க வேண்டாம். பத்து எண்ணிக்கைக்கு ஒரு மூச்சு என்றால், வினாடிக்கு ஒன்றாக எண்ணும்போது நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகிறது. ஆய்வில் பார்த்த அதே அளவு. நான்குக்கு ஆறு திணறலாக இருந்தால் மூன்றுக்கு நான்கு என்று தொடங்குங்கள். சில வாரங்களில் பழகியபின் நான்குக்கு எட்டு வரை நீட்டலாம். எண்ணிக்கையை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தால் அந்தப் போட்டியே புதிய பதற்றமாகிவிடும். விட்டு முடித்ததும் ஏங்கி இழுக்க நேர்ந்தால் கணக்கு நீளம் என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள்.

விடுவது இழுப்பதைவிட நீளம் என்ற இந்த விதி புதியதன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகத்தை விளக்கும்போது பூரகம் 16 மாத்திரை (மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அளவு நேரம்), கும்பகம் 64, இரேசகம் 32 என்று கணக்குச் சொல்கிறார். இழுப்பது பூரகம், அடக்குவது கும்பகம், விடுவது இரேசகம். அந்த 64 முறையாகக் குருவிடம் நெடுங்காலம் பயின்றவர்களுக்கு. அலுவலகத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் நிற்கும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 16க்கு 32 என்ற ஒன்றுக்கு இரண்டு விகிதத்தை மட்டும். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த யோக நூலான ஹட யோகப் பிரதீபிகையும் சிங்கத்தையும் யானையையும் புலியையும் எப்படிப் படிப்படியாகப் பழக்குகிறோமோ அப்படித்தான் மூச்சையும் பழக்க வேண்டும், அவசரப்பட்டால் அது பழக்குபவரையே கெடுக்கும் என்று எச்சரிக்கிறது. பழைய ஆசான்கள் நம்மைவிட நிதானமானவர்கள்.

மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு நெருங்கிய உறவும் உண்டு. பின்னாளில் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் என்று அறியப்பட்டவர், பத்தமடையில் பிறந்த மருத்துவர் குப்புசாமி. 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்தில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றி, 1923இல்தான் இந்தியா திரும்பினார். தோட்டத்துத் தொழிலாளர்களின் காய்ச்சலையும் களைப்பையும் நேரில் பார்த்த மருத்துவர் அவர். பிற்காலத்தில் அவர் தொடக்கநிலையினருக்கு எழுதிய பிராணாயாமக் குறிப்புகளில், திணறல் இல்லாமல் சுகமாகச் செய்யுங்கள் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் இன்றும் பத்துமலையில் இருக்கிறது.

நான்கும் ஆறும் செய்ய ரயில் மிக நல்ல இடம். மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் கூட்டம் நெருக்கியடித்து ஏறும்போது மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. மலாயில் ஒருவருக்கும் ஆங்கிலத்தில் இன்னொருவருக்கும் பதில் சொல்லி, புரியாத மாண்டரின் பேச்சுக்கு நடுவே ஒற்றைத் தமிழ்ப் பெண்ணாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், உங்கள் முறை வருவதற்கு முன்பான இரண்டு நிமிடமும் அப்படியே. பேசத் தொடங்கும் முன் ஒரு மூச்சை முழுதாக விட்டுப் பாருங்கள், குரல் நடுங்குவது குறையும். நடுங்கும் குரலுக்குப் பல நேரம் காரணம் நெஞ்சில் தேங்கிய காற்று.

கார் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் இயல்பாக மூச்சை நீட்டி விடுவதில் தவறில்லை. ஆனால் எண்ணிக்கையில் மனம் ஆழும் பயிற்சியையோ கண்மூடிச் செய்வதையோ வண்டியை நிறுத்திய பிறகே செய்யுங்கள். அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் இறங்குவதற்கு முன் கிடைக்கும் மூன்று நிமிடம் பொன்னானது. மாலையில் வீட்டு வாசலிலும் அப்படியே. வேலையின் கடுகடுப்பைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகாமல் இருக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அது.

திடீரென்று பதற்றம் உச்சத்துக்கு ஏறிவிட்டால் எண்ணிக்கையெல்லாம் நினைவில் நிற்காது. அப்போது பெருமூச்சு. மூக்கு வழியாக ஒரு மூச்சு இழுத்து, அதன்மேல் சின்னதாக இன்னொன்று இழுத்து, வாய்வழியாக "ஹா" என்று நீளமாக விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று முறை போதும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் நல்ல பலன் தந்த பயிற்சி இதுதான். நம் வீடுகளில் பெண்கள் பெருமூச்சு விட்டால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். உண்மையில் நாம் எல்லாருமே சில நிமிடங்களுக்கு ஒரு முறை அறியாமலே பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்; சுருங்கிப்போன நுரையீரல் நுண்ணறைகளை மறுபடி விரிக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. விடுங்கள், ஒரு குறையும் வராது.

பிரமரியும் நாடி சுத்தியும்

பிரமரி வண்டின் ரீங்காரம். மூக்கால் இழுத்து, உதட்டை மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், "ம்ம்ம்" என்று முனகியபடி மூச்சு தீரும்வரை விடுவது. பழகியவர்கள் கட்டைவிரலால் காதை மெல்ல மூடிக்கொள்வார்கள். அப்போது ஒலி தலைக்குள்ளேயே நிறையும். எனக்கு இது மிகவும் பிடித்த பயிற்சி. முனகும்போது மூச்சு வேகமாக வெளியேற முடியாது, ஆகவே எண்ணாமலே நீண்டுவிடுகிறது. ஒலியில் காது பதிவதால், "அவர் ஏன் அப்படிச் சொன்னார், நான் ஏன் பதில் சொல்லவில்லை" என்று மனம் அரைத்துக்கொண்டிருக்கும் பேச்சும் சற்று ஓய்கிறது. முனகும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு பல மடங்கு கூடுவதாக 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்கும் மன அமைதிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லமாட்டேன். அடுக்குமாடி வீட்டில் சுவர் மெலிது என்று தயங்குபவர்கள் குளிக்கும்போது செய்யலாம். ஐந்தாறு மூச்சு போதும். காதில் வலியோ சீழோ இருந்தால் காதை மூடாமல் செய்யுங்கள்.

நாடி சுத்தி சற்றுக் கூடுதல் கவனம் கேட்பது. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. வலதை மூடி இடதால் விடுங்கள், இடதாலேயே இழுங்கள். பிறகு இடதை மூடி வலதால் விட்டு, வலதால் இழுத்து, மறுபடி இடதால் விடுங்கள். இது ஒரு சுற்று. ஐந்து சுற்றில் தொடங்கலாம். விரல் மூக்கைத் தொட்டால் போதும், அழுத்திக் கசக்க வேண்டாம். அடக்கல் இல்லை. விரலும் மூச்சும் எண்ணமும் ஒரே இடத்தில் கூட வேண்டியிருப்பதால் அலைபாயும் மனத்துக்கு இது நல்ல வேலை கொடுக்கிறது. சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

சீதளி, உஜ்ஜாயி என்ற வேறு இரண்டு மூச்சுப் பயிற்சிகளையும் பிறகு ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளலாம். கபாலபாதியையும் பஸ்திரிகாவையும் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இவை வேகமாக, விசையோடு மூச்சைத் தள்ளுபவை. உடம்பைத் தூண்டி எழுப்புபவை. பதற்றத்தோடு வருபவருக்கு முதல் பாடமாக இவற்றைக் கொடுப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. மேலே சொன்ன கரியமில வாயுக் குறைவை இவையே உண்டாக்கிவிடக் கூடும். காணொளிகளில் இவைதான் பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருக்கின்றன, அதனால்தான் புதியவர்கள் இவற்றில் தொடங்கிவிடுகிறார்கள். கருவுற்றிருப்பவர்களும், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் இவற்றையும் மூச்சடக்குவதையும் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நாள்களில் மென்மையான பயிற்சிகளை மட்டும் செய்வது வழக்கம்.

செய்யும் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வயிறு நிறைய உண்டபின் இரண்டு மூன்று மணி நேரமாவது போகட்டும். நான்கும் ஆறும் மட்டும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். புகைமூட்டம் சூழும் மாதங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது உடல்நலத்துக்கு ஏற்றதல்ல என்று பொருள்; பூங்காவுக்குப் போகாமல் சன்னலை மூடி வீட்டுக்குள் செய்யுங்கள். அலுவலகத்தில் மலாய்த் தோழி ஒருவர் "நீ என்ன செய்கிறாய், எனக்கும் சொல்லித் தா" என்று கேட்கக்கூடும். 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் மந்திரமும் வழிபாடும் கலந்த யோகம் முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்ததை நினைவில் வைத்து, எண்ணிக்கையை மட்டும் சொல்லிக்கொடுங்கள். அவர் மனத்தை உறுத்தும் எதையும் சேர்க்க வேண்டாம். நான்குக்கும் ஆறுக்கும் மதம் இல்லை.

மூச்சால் ஆகாதவை

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடும். முன்பு ஒரு முறை பீதி வந்து மூச்சுத் திணறியவர்களுக்கு இது இயல்பு. அவர்கள் கண்ணை மூட வேண்டாம். பாதம் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள், அறையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள், நடந்தபடியே அடி எண்ணி மூச்சு விடுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் மூச்சுப் பயிற்சி இப்போதைக்கு உங்களுக்கானதன்று; அதில் உங்கள் குறை எதுவுமில்லை.

இன்னொன்று. படபடப்பு எல்லாமே மனப் பதற்றம் அன்று. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், மாதவிடாய் நிற்கும் பருவம் நெருங்கினாலும் இதே படபடப்பும் வியர்வையும் தூக்கமின்மையும் வரும். நாளுக்கு நான்கைந்து கோப்பிகளும் அதைச் செய்யும். சில வாரங்களாகத் தொடர்கிறது என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், குமட்டலோடு குளிர் வியர்வை கொட்டினால், மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்காமல் 999ஐ அழையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் வெறும் மூச்சுத் திணறலாகவும் அசதியாகவும் வரும்.

இந்தப் பயிற்சிகளைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. தாங்கக் கூடாததைத் தாங்கிக்கொள்ளும் கருவியாக இதை ஆக்கிவிடக் கூடாதே என்பதுதான் அது. மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்வதால் வரும் பதற்றத்துக்கு மருந்து, இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுப்பது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்திருக்கிறது. பேறுகால விடுப்பு 98 நாள். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள எழுத்து மூலம் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பாலியல் தொல்லை என்றால் அதற்கென்று 2022ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, முறையிடத் தீர்ப்பாயம் இருக்கிறது. மூச்சு உங்கள் குரல் நடுங்காமல் இருக்க உதவட்டும். அந்தக் குரலில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வீட்டு வேலையைப் பங்குபோடச் சொல்லிக் கணவரிடமும் மகனிடமும் கேட்பதும் இதில் அடக்கம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, எதிலுமே பற்றில்லாமல் நாள்கள் போனாலோ தனியாக இருக்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. வீட்டில் வன்முறை என்றால் தாலியான் காசே உதவி எண் 15999.

ஆசிரியரிடம் கற்க விரும்புபவர்களுக்குக் கோலாலம்பூரில் கோயில் மண்டபங்களிலும் ஆசிரமங்களிலும் சமூகக் கூடங்களிலும் வகுப்புகள் கிடைக்கின்றன. சேரும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு இரத்த அழுத்தம் உண்டா, ஆஸ்துமா உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஆசிரியர் கேட்கிறாரா என்பதைக் கவனியுங்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை வகுப்புக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். மயக்கம் வந்தது என்று நீங்கள் சொல்லும்போது "அது சக்தி எழுகிறது, தொடருங்கள்" என்பவரிடம் கற்க வேண்டாம். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்யுங்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் அந்த வகுப்பிலிருந்து அன்றைக்கே விலகிக்கொள்ளுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டியவை.